படகுத்துறைத் தண்ணீரில் எண்ணெய் தின்னும் உயிர்கள்: பயோசென்சர் அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாம்பன் சின்னப்பாலத்தில் எனக்குப் பெரியம்மா முறை ஆகும் ஒருவர் இருக்கிறார். சிறுவயதிலிருந்தே பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறை இடுக்கிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கிக்கொண்டு மேலே வருவார். போன முறை ஊருக்குப் போனபோது அவரோடு விசைப்படகுகள் கட்டியிருக்கும் துறைப் பக்கம் நடந்தேன். இரண்டு படகுகளுக்கு நடுவே, தண்ணீர்மேல் நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு படலம் நெளிந்துகொண்டிருந்தது. நல்ல டீசல் வாடை. என்ஜினுக்கு அடியில் தேங்கிய தண்ணீரை விடியற்காலையில் யாரோ இறைத்து விட்டிருக்கிறார்கள்.

"நாளைக்கு வந்து பாத்தா இது இருக்காதுப்பா. எங்கதான் போகுது இதெல்லாம்?" என்று கேட்டார் பெரியம்மா.

நான் படித்ததும் இப்போது சொல்லிக்கொடுப்பதும் கடல் நுண்ணுயிரியல். அந்தத் தண்ணீரிலேயே நாள் முழுக்க உடம்பை வைத்திருப்பவர் கேட்கும் கேள்விக்கு நேரான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்று துறையில் நின்றபடி சொன்னதை, இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

முதலில் அந்தப் படலம். வானவில் நிறம் தெரிகிறது என்றால் எண்ணெய் அங்கே மிக மெல்லிசாகப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய இடத்தில் தடிமன் 0.3 மைக்ரான்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு லிட்டர் டீசலை இந்த அளவுக்கு மெல்லிசாக விரித்தால் 3,300 சதுர மீட்டருக்குப் பரவும். நிலக்கணக்கில் 80 சென்டுக்கு மேல். ஒரு தண்ணீர் பாட்டில் அளவு எண்ணெய், முக்கால் ஏக்கர் கடலை மூடிவிடும்.

அது எங்கே போகிறது? நம் ஊர் வெயிலுக்கு லேசான பகுதி ஆவியாகிவிடும். ஒரு பகுதியை அலை அடித்துத் துளித்துளியாக உடைத்துத் தண்ணீருக்குள் கலந்துவிடும். கொஞ்சம் மணலில் ஒட்டும். கனமான கசண்டு தார் உருண்டையாகிக் கரையில் ஒதுங்கும். மிச்சத்தில் பெரும்பங்கைப் பாக்டீரியாக்கள் தின்கின்றன. இதைச் சொன்னதும் பெரியம்மா நம்பாமல் பார்த்தார். "எண்ணெயத் தின்னா செத்துல்ல போகும்?"

நமக்குத்தான் அது விஷம். டீசலில் இருப்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீளமான சங்கிலிகள். கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் வரை பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் சில இனங்களுக்கு இந்தச் சங்கிலியே சோறு. இந்தக் கூட்டத்தில் பேர் பெற்றது அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ். இது முதலில் கிடைத்தது வடகடலில். வடகடல் என்றதும் நம் ஆட்களுக்குப் பாக் விரிகுடா நினைவுக்கு வரும். இது ஐரோப்பாவின் வடகடல். அங்கே போர்கும் என்ற தீவுக்குப் பக்கத்தில் எடுத்த இந்த இனத்தை 1998-இல் பெயரிட்டு விவரித்தார்கள். 'அல்கேனை விழுங்குவது' என்பதுதான் பெயரின் பொருள். அல்கேன் என்பது நான் சொன்ன அந்தச் சங்கிலி. வளையமாக இருக்கும், இன்னும் கெட்டியான எண்ணெய்ப் பொருள்களைத் தின்ன சைக்ளோகிளாஸ்டிகஸ் என்று வேறொரு கூட்டம் இருக்கிறது.

அல்கானிவோராக்ஸ் தின்னும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. அதனால் இந்தப் பாக்டீரியா தானே சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சுரந்து எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாகப் பிரிக்கிறது. மீன் பொரித்த சட்டியில் சோப்புத் தூள் போட்டதும் பிசுக்கு விடுமே, அதே வேலை. துளியின்மேல் ஒட்டிக்கொண்ட பிறகு அதனிடம் இருக்கும் ஒரு நொதி (வேதிவினையை நடத்திவைக்கும் புரதம்), சங்கிலியின் ஒரு நுனியில் ஆக்சிஜன் அணு ஒன்றைக் கோக்கிறது. அவ்வளவுதான், சங்கிலியின் பூட்டு திறந்துவிட்டது. அது ஆல்கஹாலாகி, கொழுப்பு அமிலமாகி, நம் உடம்பு தேங்காயெண்ணெயைச் செரிப்பதைப் போல இரண்டிரண்டு கண்ணியாக அறுபட்டுச் செரித்துப்போகும். அந்த முதல் நொதியைச் செய்யும் குறிப்பு எழுதியிருக்கும் மரபணுவுக்கு 'அல்க்-பி' என்று பெயர். இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சுத்தமான கடல்நீரில் இந்தக் கூட்டம் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். எண்ணெய் வந்து விழுந்தால் சில நாளிலேயே பெருகி, மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடும். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணறு வெடித்து 87 நாள் எண்ணெய் கொட்டியபோது, ஏறக்குறைய 1,100 மீட்டர் ஆழத்தில், 5 டிகிரி குளிரில்கூட இப்படிப்பட்ட பாக்டீரியாக்கள் பெருகியிருந்ததைப் பார்த்தார்கள். அதைக் காட்டியது ஆயிரக்கணக்கான இனங்களின் டி.என்.ஏ.வை ஒரே நேரத்தில் தேடக்கூடிய ஒரு சில்லு.

சரி, தானாகப் பெருகித் தானாகத் தின்கிறதே, அதை எதற்குத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்? இரண்டு காரணம். எண்ணெய் தின்னிகள் திடீரென்று கூடியிருந்தால், கண்ணுக்குப் படலம் தெரியாவிட்டாலும் அங்கே எண்ணெய் வந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். படலம் காலையில் இருந்து மதியம் கலைந்துவிடும். பெருகிய பாக்டீரியா அவ்வளவு சீக்கிரம் கலையாது. அடுத்தது, எண்ணெய் கொட்டிய இடத்தில் கடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறதா, நாம் கை கொடுக்க வேண்டுமா என்று தெரிந்தாக வேண்டும். எண்ணெயில் கார்பன் கொட்டிக் கிடக்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட இல்லை. அண்டா நிறையச் சோறு, குழம்பு ஒரு கரண்டிகூட இல்லை என்ற நிலைமை. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியபோது, கரையில் உரம் தெளித்துத்தான் பாக்டீரியாக்களுக்கு அந்தக் குழம்பை ஊற்றினார்கள். ஆனால் தின்ன ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் உரம் போட்டால், வேண்டாத பாசிதான் வளரும். பவளப்பாறைக்குப் பக்கத்தில் அது பெரிய கெடுதல்.

பழைய முறையில் இதைக் கண்டுபிடிக்க, கடல்நீரை எடுத்து, எண்ணெயை மட்டுமே உணவாக வைத்து, குழாய்களில் வளர்த்துப் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு வாரம் ஆகும். கடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளரவே வளராது என்பது இன்னொரு சிக்கல். முடிவு வருவதற்குள் காற்று மாறி, நீரோட்டம் மாறி, தண்ணீரே வேறாகியிருக்கும்.

இங்கேதான் பயோசென்சர் வருகிறது. தமிழில் உயிரி உணரி என்று எழுதுகிறார்கள். புதுப் பொருள் மாதிரி தோன்றினாலும் உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கக்கூடும்: சர்க்கரை பார்க்கும் மீட்டர். அந்தப் பட்டையின் நுனியில் ஒரு நொதி பூசியிருக்கும். ஆயிரம் பொருள் கலந்த இரத்தத்தில் குளுக்கோஸை மட்டும் அது பிடிக்கும். பிடித்ததும் நடக்கும் வேதிவினையில் எலக்ட்ரான்கள் கைமாறும். பட்டையில் உள்ள மின்முனை அதைச் சின்ன மின்னோட்டமாக வாங்கிக்கொள்ளும். மீட்டர் அதை எண்ணாகக் காட்டும். இந்த யோசனையை 1962-இல் முன்வைத்தவர் அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க். எந்தப் பயோசென்சரை எடுத்தாலும் அடிப்படை இதுதான்: ஒரே ஒரு பொருளை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கும் ஓர் உயிர்ப்பொருள், பிடித்ததை மின்சாரமாகவோ ஒளியாகவோ மாற்றித்தரும் ஒரு கருவி. முன்னதைக் கொக்கி என்றும் பின்னதை மணி என்றும் வைத்துக்கொள்வோம். கொக்கியில் மாட்டினால் மணி அடிக்கும்.

எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைப் பிடிக்க எதைக் கொக்கியாக வைப்பது? பாக்டீரியாவின் மேல்தோலைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை, அதாவது கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள உடம்பு செய்யும் புரதத்தை, வைக்கலாம். எனக்கு இன்னும் நம்பிக்கை தருவது டி.என்.ஏ. கொக்கிதான், ஏனென்றால் நமக்கு வேண்டியது பாக்டீரியாவின் பெயரைவிட அதன் தொழில். எண்ணெய் தின்னும் தொழில் அல்க்-பி மரபணுவில் எழுதியிருக்கிறது. டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் ஆன நீளமான நூல். ஏ எழுத்து டி-யோடும், ஜி எழுத்து சி-யோடும் மட்டுமே ஜோடி சேரும். ஆகவே அல்க்-பியின் ஒரு பகுதிக்கு நேர்ஜோடியாக இருபது எழுத்துள்ள ஒரு துண்டை ஆய்வகத்தில் செய்துகொண்டால், அது அல்க்-பியை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். துறையில் எடுத்த ஒரு லிட்டர் தண்ணீரை 0.2 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் ஊற்றுகிறோம். தண்ணீரும் உப்பும் இறங்கிவிடும், பாக்டீரியா மேலே தங்கிவிடும். அவற்றை உடைத்து டி.என்.ஏ.வை வெளியே எடுக்கிறோம். அது இரட்டை நூலாகப் பின்னிக்கொண்டிருக்கும். 95 டிகிரிக்குச் சூடாக்கினால் பிரிந்து ஒற்றை நூலாகும். சென்சரில் நகத்தைவிடச் சிறிய ஒரு தங்கத் தகடு இருக்கிறது. அதன்மேல் நம் இருபதெழுத்துக் கொக்கிகள் நெல் நாற்று மாதிரி நெருக்கமாக நட்டிருக்கின்றன. பிரிந்த நூல்களை அதன்மேல் விட்டால் அல்க்-பி உள்ள நூல் மட்டும் கொக்கியில் மாட்டி நிற்கும். மற்றதைக் கழுவி விட்டுவிடலாம். இப்போது இரண்டாவது கொக்கி ஒன்றை ஊற்றுகிறோம். இது மாட்டிய நூலின் இன்னொரு இடத்தில் போய் உட்காரும். இதன் வாலில் ஒரு நொதி கட்டியிருக்கும். கடைசியாக அந்த நொதிக்குத் தீனி போட்டால் அது வினைபுரிந்து எலக்ட்ரான்களைத் தங்கத் தகட்டுக்குத் தள்ளும். மைக்ரோ ஆம்பியர் கணக்கில் ஒரு மின்னோட்டம். அதிகமாக வந்தால் அதிகமான அல்க்-பி. இரண்டு பக்கமும் கொக்கி போட்டுப் பிடிப்பதால் தவறுதலாக வேறொன்று மாட்டும் வாய்ப்பு குறைவு.

பாக்டீரியா மிகக் குறைவாக இருந்தால் இந்த மின்னோட்டம் கண்ணில் படாது. அப்போது டி.என்.ஏ.வை முதலில் படியெடுத்துப் பெருக்க வேண்டும். 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே சூட்டில் வைத்துப் பெருக்கும் முறை ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சின்ன பேட்டரி ஹீட்டர் போதும். கரையோர வேலைக்கு இது பெரிய வசதி.

ஒரு முக்கியமான எச்சரிக்கை இருக்கிறது. புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் ராமேஸ்வரம் துறைமுகத்துக்குப் போய் விசைப்படகுகளை எண்ணினால் வரிசை வரிசையாக நிற்கும். "இத்தனை படகு இருக்கிறதே, மீன் நிறைய வரும்" என்று யாராவது சொன்னால் என்ன சொல்வோம்? படகு இருக்கிறது, கடலுக்குப் போகவில்லை என்போம். டி.என்.ஏ.வை எண்ணுவது கட்டிக்கிடக்கும் படகை எண்ணுவது. எண்ணெய் தின்னும் தகுதி உள்ள பாக்டீரியா இருப்பது மட்டும் அதில் தெரியும். செத்துப்போன பாக்டீரியாவின் டி.என்.ஏ.கூடக் கொஞ்ச காலம் தண்ணீரில் கிடக்கும். இன்றைக்கு எத்தனை படகு கடலுக்குப் போயிருக்கிறது என்று தெரிய ஆர்.என்.ஏ.வைப் பார்க்க வேண்டும். பாக்டீரியா ஒரு மரபணுவைப் பயன்படுத்தும்போதுதான் அதிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும். அல்க்-பியின் ஆர்.என்.ஏ. இருந்தால் அந்த நேரத்தில் சமையல் நடக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆர்.என்.ஏ. சீக்கிரம் அழுகிவிடும் என்பதால் எடுத்த இடத்திலேயே பதப்படுத்த வேண்டும். வேலை அதிகம்தான், ஆனாலும் என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்த்துப் பார்க்காத எந்த அளவீட்டையும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இதையே தலைகீழாகச் செய்யும் ஒரு வகை சென்சரும் உண்டு. பாக்டீரியாவைத் தேடாமல், பாக்டீரியாவையே கருவியாக்கி எண்ணெயைத் தேடுவது. நம் பக்கம் காரல் மீன் தெரியாதவர்கள் இல்லை. அதன் தொண்டைப் பக்கம் உள்ளே ஒரு சிறு உறுப்பில் ஒளிவிடும் பாக்டீரியா குடியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காரலின் அறிவியல் பெயரையே அந்தப் பாக்டீரியாவுக்கும் வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஒளிரும் பாக்டீரியாக்களிடமிருந்து ஒளி தரும் மரபணுக்களை எடுத்து, எண்ணெய்ச் சங்கிலியை உணரும் சுவிட்ச் ஒன்றோடு இணைத்து, ஆய்வகப் பாக்டீரியா ஒன்றுக்குள் வைத்துவிடுவார்கள். தண்ணீரில் எண்ணெய் இருந்தால் சுவிட்ச் தட்டப்பட்டு ஒளிரும். அழகான ஏற்பாடு. ஆனால் இது மரபணு மாற்றிய உயிர் என்பதால் கடலில் விடக் கூடாது. மூடிய குப்பிக்குள் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். 'எண்ணெய் பயோசென்சர்' என்று எங்காவது படித்தால், அது பாக்டீரியாவைத் தேடும் கருவியா, பாக்டீரியாவால் எண்ணெயைத் தேடும் கருவியா என்று முதலில் பாருங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடக்கிக் கடலிலேயே மிதக்கவிட முடியுமா? முடிந்திருக்கிறது. கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடா மீன்காட்சியக ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஒரு கருவி, தானே தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, பாக்டீரியாவை உடைத்து, டி.என்.ஏ. கொக்கிகளில் மாட்டி, முடிவைக் கரைக்கு அனுப்புகிறது. பெரிய, விலை கூடிய இயந்திரம். கையடக்கமான எண்ணெய் தின்னி சென்சர்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வக மேசையில்தான் இருக்கின்றன.

நம் கரைக்குக் கொண்டுவருவதில் சில தடைகள் இருக்கின்றன. லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அது மின் அளவீட்டையும் டி.என்.ஏ. பெருக்கத்தையும் கெடுக்கும், நன்றாகக் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான, ஆழமில்லாத தண்ணீர். இங்கே எதைப் போட்டாலும் சில நாளில் வழவழவென்று ஒரு படிவு பிடித்து, அதன்மேல் சிப்பி ஒட்டிவிடும். படகின் அடியைச் சுரண்டியவர்களுக்கு இது புரியும். இவற்றைவிட நுணுக்கமான ஒரு சிக்கல், கடல் தானாகவே கொஞ்சம் அல்கேன் செய்கிறது என்பது. நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் உலகம் முழுக்க வருஷத்துக்குக் கோடிக்கணக்கான டன் அல்கேனை உண்டாக்குகின்றன. ஒரு சொட்டு டீசல்கூட விழாத இடத்திலும் எண்ணெய் தின்னிகள் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகையால் "இருக்கிறது" என்று மணி அடித்தால் மட்டும் போதாது. குருசடைத் தீவுப் பக்கம் வழக்கமாக எவ்வளவு, மண்டபம் வடகடல் துறையில் வழக்கமாக எவ்வளவு, வாடைக்காலத்தில் எப்படி, சோழகம் வீசும்போது எப்படி என்று முதலில் ஒரு வருஷமாவது அளந்து வைத்திருக்க வேண்டும். கூடியதா குறைந்ததா என்று அதோடு ஒப்பிட்டுத்தான் பேச முடியும்.

இந்த அளவீட்டை இங்கே யாராவது தொடங்க வேண்டும் என்று நான் ரொம்பவே ஆசைப்படுகிறேன். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பவளமும் கடல்புல்லும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. 2010-இல் நாட்டிலேயே முதல்முறையாகக் கடல் விரால் மீனைக் குஞ்சு பொரிக்கவைத்தது மண்டபத்தில்தான். அப்படிப்பட்ட குஞ்சு பொரிப்பகம் கடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் குழாயின் வாயில் இப்படியொரு சென்சர் இருந்தால், தொட்டிக்குள் எண்ணெய் வருவதற்கு முன்னாலேயே குழாயை அடைத்துவிடலாம். பெரிய கப்பல் உடைந்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் கப்பல்கள் மோதியபோது வாளியால் எண்ணெயை அள்ளிய படத்தை நாடே பார்த்தது. துறையில் தினமும் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று விழுவதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

மாணவர்கள் யாராவது தண்ணீர் எடுத்துப் பார்க்க விரும்பினால்: பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும். கொதிநீரில் வேகவைத்த கண்ணாடிக் குப்பி எடுத்துக்கொள்ளுங்கள். துறையில் ஒன்று, துறையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஒன்று. மீன் பெட்டியில் ஐஸ் போட்டு, குப்பியை அதில் புதைத்து, அன்றைக்கே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். குப்பியின்மேல் இடம், தேதி, நேரம், அப்புறம் அன்றைய காற்று வாடையா, சோழகமா, கச்சானா என்று எழுத வேண்டும். பெரியம்மாவிடம் அடுத்த நாள் குப்பியைக் கொடுத்தபோது இந்தக் கடைசி விவரத்தை மட்டும் நான் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. கரையில் நின்று முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கச்சான்னு எழுதிக்க" என்றார்.